57.7 சதவீதம் ஆதரித்தும் தோற்ற வாக்கெடுப்பு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2005 மே 17 அன்று நடந்த பொது வாக்கெடுப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமே மேலிடுகிறது. தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்று 57.7 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். 79 தொகுதிகளில் 77இல் ஆதரவு வாக்குகளே அதிகம். ஆயினும் 60 சதவீதம் தேவை என்று அரசு முன்கூட்டியே விதித்திருந்ததால், அந்த மாற்றம் தோற்றதாகவே முடிவு வந்தது.

வரம்பை விதித்த அரசின் கதையையும் சொல்ல வேண்டும். 2001 தேர்தலில் லிபரல் கட்சி ஏறத்தாழ இதே அளவு, அதாவது 57.6 சதவீத வாக்குகளைப் பெற்று, 79 இடங்களில் 77ஐக் கைப்பற்றி, எதிர்க்கட்சியே இல்லாதது போன்ற ஒரு சட்டமன்றத்தை நடத்தியது. ஒரு கட்சிக்கு அவ்வளவு அதிகாரத்தைத் தந்த வாக்கு அளவு, மக்களின் கோரிக்கைக்கு மட்டும் எப்படிப் போதாமல் போகும்?

இத்தனைக்கும் இது அரசியல்வாதிகள் வகுத்த திட்டம் அன்று. குலுக்கல் முறையில் தேர்வான சாதாரணக் குடிமக்கள், தொகுதிக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, பழங்குடியினர் இருவரையும் சேர்த்து 160 பேர், 2004ஆம் ஆண்டில் பல மாதங்கள் கூடிப் படித்து, பொதுமக்களின் கருத்துகளைக் கேட்டு, வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறித்து, ஒரு தொகுதிக்குப் பலரைத் தேர்ந்தெடுக்கும் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையை 146க்கு 7 என்ற கணக்கில் பரிந்துரைத்தார்கள். அவர்களுடைய உழைப்புக்குக் கிடைத்த மரியாதை இதுதானா?

2009இல் மீண்டும் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 39 சதவீதமாகச் சரிந்தது. அந்தச் சரிவைக் காட்டி மக்களைக் குறை சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.