வாசலை முழுசாக அடைக்காதீர்கள்: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் கோட்டைக் காவல்

குள்ளர்களின் கோட்டையை நடத்தும் கணினி விளையாட்டான ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் முதல் முற்றுகை வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான்: லீவரை இழுத்துப் பாலத்தைத் தூக்கி, நாலு பக்கமும் அடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவது. 2025 நவம்பருக்கு முந்தைய பதிப்புகளில் (இந்தக் குறிப்பு முழுவதும் அவற்றுக்கே), உள்ளே வர வழி இல்லாத காப்ளின்கள், அதாவது முற்றுகையிடும் எதிரி இனத்தார், வெளியிலேயே திரியும். வணிகர் வண்டிகள் வராது, மரம் வெட்டப் போக முடியாது. எதிரி, திறந்திருக்கும் வழியைத் தேடி நடக்கிறான். அந்த வழியை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு இரண்டு வாசல்கள் தேவை.

முதல் வாசல் வணிகர்களுக்கு. வண்டி போக 3 கட்ட (வரைபடச் சதுர) அகலம் வேண்டும். பொறி இருக்கும் கட்டத்தில் வண்டி ஏறாது என்பதால் இந்தப் பாதையில் பொறியே வைக்கக் கூடாது. தூக்குப்பாலம் மட்டும் போதும். 3×4 பாலத்துக்கு 4 கல் பிடிக்கும். கட்டும்போது தூக்கும் திசையைக் கவனியுங்கள். பாலம் எந்த விளிம்பில் எழுந்து நிற்கிறதோ அங்கேதான் சுவர் வரும்; அது கோட்டைப் பக்கம் இருக்கட்டும். திசைக்குப் பதிலாக உள்ளிழுக்கும் வகையைத் தேர்ந்துவிட்டால், லீவரை இழுத்ததும் பாலம் மறையும், கீழே இருக்கும் தரை அப்படியே திறந்து கிடக்கும். 'பாலத்தை மூடியும் உள்ளே வந்துவிட்டார்கள்' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லீவருக்கு 1 மெக்கானிசம் (இயந்திரப் பாகம்), அதைப் பாலத்தோடு இணைக்க இன்னும் 2. லீவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் வையுங்கள். சும்மா இருக்கும் குள்ளர் ஒருவராவது அங்கே எப்போதும் இருப்பார். இழுத்த பிறகும் பாலம் அசைய சுமார் 100 டிக் (விளையாட்டின் மிகச் சிறிய நேர அலகு) ஆகும். அதற்குள் நம் ஆள் யாராவது பாலத்தில் கால் வைத்தால் தூக்கி எறியப்படுவார், இல்லை நசுங்குவார். எதிரி வாசலுக்கு வந்தபின் இழுத்தால் நேரம் போதாது.

இரண்டாவது வாசல் 1 கட்ட அகலத்தில் வளைந்து வளைந்து போகும் நடை. முற்றுகையின்போது அகல வாசலை மூடிவிட்டு இதை மட்டும் திறந்து வையுங்கள். இதன் நீளம் முழுக்கக் கூண்டுப்பொறி: ஒவ்வொன்றுக்கும் 1 மெக்கானிசம், 1 கூண்டு. ஒரு கட்டையில் செய்த மரக்கூண்டே போதும், ட்ரோல் என்ற பெரிய அரக்கனும் உடைத்துக்கொண்டு வராது. ஆனால் ஒரு பொறி ஒருவனைத்தான் பிடிக்கும். 20 பொறி வைத்து 30 பேர் வந்தால் 10 பேர் உள்ளே. அவர்களுக்காக நடையின் முடிவில் படை நிற்க வேண்டும். நம் வீரர் அடிபட்டு மயங்கிப் பொறிமேல் விழுந்தால் அவரும் கூண்டுக்குள் போவார். ஆகவே கடைசிப் பொறியிலிருந்து சில கட்டம் தள்ளியே சண்டைக்களத்தை வையுங்கள்.

கோபோல்டு என்ற சிறு உருவத் திருடர்கள் பொறியில் சிக்க மாட்டார்கள். வளைவில் ஒரு போர்நாயைச் சங்கிலியில் கட்டினால் அது காட்டிக்கொடுக்கும். டைட்டன்கள் என்ற ராட்சத மிருகங்களும், நிலத்தடிக் குகைகளிலிருந்து வரும் பாதாள அரக்கர்களும் பொறிக்கு அடங்காதவை. அவற்றுக்காக நடையின் முடிவில் இன்னொரு தூக்குப்பாலம், தனி லீவரோடு. இரண்டு பாலத்தையும் ஒரே லீவரில் கட்டாதீர்கள். இழுத்தால் இரண்டும் ஒன்றாக மூடி, பழைய நிலைக்கே வந்துவிடுவோம்.

வில்லாளிகளுக்கு நடையின் ஓரத்துப் பாறைச்சுவரை முதலில் மழமழப்பாக்கி, பிறகு அம்புத்துளை செதுக்குங்கள். துளையை ஒட்டி நிற்பவன் அதன் வழியே சுலபமாக எய்வான். அது எதிரிக்கும் பொருந்தும். எனவே துளைக்கும் நடைக்கும் இடையே ஒரு கட்டப் பள்ளம் வெட்டுங்கள். வெட்டியதும் அடியில் சரிவு ஒன்று மிஞ்சும். அதை அகற்றாவிட்டால் பள்ளமே படிக்கட்டு.

2014 பதிப்பிலிருந்து எதிரிகள் ஏறவும் செய்கிறார்கள். வெளிப்பாறையை மழமழப்பாக்குங்கள், கட்டிய மதிலின் உச்சியில் வெளியே நீட்டிய தளம் ஒரு கட்டம் போடுங்கள், மதிலை ஒட்டிய மரங்களை வெட்டுங்கள். பறப்பவை வரும் ஊரென்றால் முற்றத்துக்குக் கூரை வேண்டும்.

கீழே தோண்டும்போது குகையடுக்கை (நிலத்தடியில் இயற்கையாகவே இருக்கும் குகைத் தளத்தை) திறந்துவிட்ட இடத்தை அன்றே சுவர் வைத்து மூடுங்கள். கதவு போதாது, பாதாள அரக்கன் கதவை உடைப்பான், சுவரை உடைக்க மாட்டான்.