பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவரும் வேலை

1990களில் கணினித் துறைக்கு வந்து தமிழோடு வேலை பார்த்தவர்களின் பணிக்காலம் இரண்டு பாதியாகப் பிரிந்து கிடக்கிறது. முதல் பாதியில் தமிழை எப்படியாவது திரையில் தெரியவைத்தோம். அப்படித் தெரியவைத்ததை, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மீட்டெடுப்பதிலேயே இரண்டாம் பாதி போய்க்கொண்டிருக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருள்களில் ஃபாக்ஸ்ப்ரோ போய் ஆரக்கிள் வந்தது, சர்வர் அறை போய் கிளவுட் வந்தது. அந்த மாற்றங்களில் தரவை ஏற்றுமதி செய்து இறக்குமதி செய்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பழைய தமிழ்க் கோப்புகளில் அது நடக்காது. காரணம், அவற்றில் தமிழ் என்ற ஒன்றே இல்லை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். ஜே இருக்கும் இடத்தில் 'த' வடிவத்தையும், கே இருக்கும் இடத்தில் 'ம' வடிவத்தையும் எழுத்துரு வரைந்து காட்டும். எழுத்துருவை நீக்கிவிட்டால் பொருளற்ற ஆங்கிலக் குவியல்தான் மிஞ்சும். ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் 'இ' உட்கார்ந்திருக்கும். உண்மையான காற்புள்ளி வேண்டுமானால் 'விடப் பெரியது' என்ற கணிதக் குறியை அடிக்க வேண்டும். ஒரு டி.டி.பி. கடைக்கு இது போதும், அச்சில் அழகாக வந்துவிடும். தேட, வரிசைப்படுத்த, வேறொரு மென்பொருளுக்கு அனுப்ப என்று ஒருவர் கேட்கும் நாளில்தான் கஷ்டம் தொடங்கும்.

எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த இட ஒதுக்கீடு மாறியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசின் தரமாயின. டாப் முறையில் 256 இடங்களின் கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கு, மேல்பாதி தமிழுக்கு. டிஸ்கி என்ற இன்னொரு குறியீட்டு முறையும் அதே வழி. 1991இலேயே யூனிகோடு தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும் நடைமுறைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. விண்டோஸ் 2000 தான் லதா எழுத்துருவோடு அதைக் காட்டத் தொடங்கியது. விண்டோஸ் எக்ஸ்பியில்கூட, வட்டார அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியை டிக் செய்து, மூல சி.டி.யைப் போட்டால்தான் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்காரும். சி.டி. எங்கே என்று தேடுவதிலேயே பல அலுவலகங்களில் யூனிகோடு தள்ளிப்போனது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் ஏற்றது. அதற்குள் பல ஆண்டுக் கோப்புகள் பழைய எழுத்துருக்களில் குவிந்துவிட்டன.

மாற்றும் வேலையைப் பார்க்காதவர்கள் இதை வெறும் 'கண்டுபிடி, பதிலிடு' என்று நினைக்கிறார்கள். ஜேக்குப் பதில் த, கேக்குப் பதில் ம என்று தொடங்கினால் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வோம். பாமினியில் 'ர்' என்பதைப் பெரும்பாலானோர் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்தே அடித்தார்கள், வடிவம் ஒன்றுதானே! 'ரி'யும் அப்படியே, காலோடு ஒரு கொக்கி. ஆகவே நீளமான கூட்டுகளை முதலில் மாற்ற வேண்டும், தனிக்குறிகளைக் கடைசியில். இந்த வரிசை தவறினால் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' ஆகிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலில் மட்டும் கிடைக்காது. இன்றும் இணையத்தில் செய்திகளைத் தேடினால் இந்தப் பிழை மலிந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

அடுத்தது கொம்பு. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன. 'கோ' என்றால் முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதன்பின் ஓகாரக் குறி. எனவே மாற்றும் நிரல் கொம்பைக் கண்டதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த மெய்யை எழுதிவிட்டு, கால் தொடர்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். மெய்க்குப் பின்னால் ள வந்தால் இன்னும் கவனம் தேவை. 'மௌனம்', 'வெளிச்சம்' இரண்டிலும் பழைய கோப்பில் கொம்பு, மெய், ள என்றே இருக்கும். ளகரத்துக்குப் பின் கொக்கியோ புள்ளியோ இருந்தால் அது ளகரமே. ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் ஔகாரம். இந்த ஒரு விதியில் பெரும்பகுதி சரியாகும், மிச்சத்தை ஆள் பார்க்க வேண்டும்.

வேர்டு மென்பொருள் தன் பங்குக்குச் செய்த கெடுதலும் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வசதி அதில் உண்டு. பாமினியில் சிறிய எம் 'அ', பெரிய எம் 'ஆ'. விளைவு, வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் 'அம்மா' எல்லாம் 'ஆம்மா'. தட்டச்சு செய்தவர் மேல் பழி போடாமல் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செய்முறை என்று பார்த்தால், மூலக் கோப்பையும் அதன் எழுத்துருக் கோப்பையும் முதலில் தனியே பிரதி எடுத்துவிட வேண்டும். எழுத்துருவின் பெயரை நம்பக் கூடாது. வேறு பெயரில் அதே இட ஒதுக்கீடு, அதே பெயரில் வேறு இட ஒதுக்கீடு இரண்டும் உண்டு. 247 எழுத்துகளும் கிரந்த வரிசையும் அடங்கிய ஒரு சோதனைக் கோப்பை அந்த எழுத்துருவிலேயே அடித்து, மாற்றி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று சொல்லும் மாற்று அட்டவணை சரியா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வேர்டு கோப்பானால் உரையை மட்டும் உருவி எடுக்காதீர்கள். எழுத்துருத் தகவல் போய்விட்டால் நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் முகவரிகளும் சேர்ந்து தமிழாகக் குழம்பிவிடும். மாற்றிய பிறகு, சொல்லின் தொடக்கத்தில் கொம்போ காலோ புள்ளியோ நிற்கும் இடங்களையும், இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து வரும் இடங்களையும் தேட வேண்டும். தமிழில் அப்படி வரவே முடியாது, வந்தால் பிழைதான்.

யூனிகோடுக்கு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்த காலம் உண்டு. டேட்டாபேஸ் அந்த நினைப்பைப் போக்கியது. 'சுப்பிரமணியன்' நம் கணக்கில் 8 எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனி என்பதால் 13 குறிகள். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 39 பைட். பெயருக்கு 30 பைட் ஒதுக்கிய பழைய ஆரக்கிள் அட்டவணை இதை ஏற்காமல் பிழை காட்டும், அது நல்லது. 10 குறி என்று அளவு வைத்த, மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் பழைய அட்டவணை, அளவு மீறினால் பிழை காட்டும் கண்டிப்பு முறை இயக்கப்படாவிட்டால், ஓர் எச்சரிக்கையோடு வெட்டிவிட்டுப் போய்விடும். அப்படி வெட்டியது 'சுப்பிரமணி'. அதுவும் ஒரு பெயராகவே இருப்பதால் பட்டியலைச் சரிபார்ப்பவர் கண்ணுக்கும் தப்பிவிடும்.

இன்னொரு சோதனையைக் கைவசம் வைத்துக்கொள்ளலாம். 'தமிழ்' என்ற சொல்லைச் சேமித்து அதன் பைட் நீளத்தைக் கேளுங்கள். 15 வந்தால் சரி. 30 வந்தால் யூடிஎஃப்-8ஐ லத்தீன் எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம் என்று தவறாக எண்ணி இரண்டாம் முறை குறியாக்கியிருக்கிறார்கள். டேட்டாபேஸ் இணைப்பின் குறியாக்க அமைப்பைத் திருத்தாமல் அட்டவணையை மட்டும் திருத்திக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும்.

வரிசைப்படுத்துவதில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. யூனிகோடு எண் வரிசையில் ன, நகரத்துக்கு அடுத்து வருகிறது. நம் அகரவரிசையில் அது கடைசி மெய். ளகரம் ழகரத்துக்கு முன்னால். புள்ளிக்கு எல்லா மெய்களையும் உயிர்க்குறிகளையும்விடப் பெரிய எண். அதனால் எண் வரிசைப்படி 'மரம்' என்பதற்கு முன் 'மனம்', 'பழம்' என்பதற்கு முன் 'பள்ளி', 'பக்கம்' என்பதற்கு முன் 'பகல்' வந்துவிடுகின்றன. மூன்றும் தவறு. இயங்குதளத்திலும் டேட்டாபேஸிலும் தமிழுக்கான வரிசைமுறை விதிகள் கிடைக்கின்றன, அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மாணவர் பட்டியலும் நூலக அட்டவணையும் இன்றும் எண் வரிசையில் அச்சாவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

'கொ' இரண்டு விதமாகப் பதிவாகலாம்: க, ஒகரக்குறி என்று இரண்டாக, க, கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் ஒன்றுபோல்தான் இருக்கும். யூனிகோடு இயல்பாக்கம் என்ற சேர்ப்பு முறையை உள்ளீட்டிலேயே ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 'ஔவை'யை ஒ, ள என்று அடித்தவர்களை மட்டும் அந்த இயல்பாக்கத்தால் திருத்த முடியாது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

மாற்றி முடித்து, சரிபார்த்து, புதிய அமைப்பில் ஏற்றிய பிறகும் பழைய கோப்பை அழிக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள், இடம் அடைக்கிறது என்பார்கள். அழிக்காதீர்கள். மூலக் கோப்பு, எழுத்துருக் கோப்பு, பயன்படுத்திய மாற்று அட்டவணை, அதன் பதிப்புத் தேதி நான்கையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அட்டவணையில் 'ஜூ' ஒன்று இடம் மாறியிருந்தது மூன்று வருடம் கழித்துத் தெரியவந்தால், அதைத் திருத்தி மறுபடி ஓட்ட அந்த ஃபோல்டர் ஒன்றுதான் வழி.