நாயாகத் தொடங்கி மீனாக முடிந்தது

நான் மரத்தில் செதுக்கிய முதல் விலங்கு ஒரு நாய். இப்போது அது என் மேசையில் மீனாகக் கிடக்கிறது. நடுவில் கொஞ்ச நாள் பன்றியாகவும் இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, குரங்காய் முடிந்திருந்தால்கூட எனக்குச் சந்தோஷம்தான். குரங்குக்குக் கையும் காலும் மிஞ்சுமே.

பென்சில் சீவியதைத் தவிர எனக்குக் கத்தியோடு பழக்கம் கிடையாது. அதனால் மரம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, உடைந்த நாற்காலி ஒன்றின் காலை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் விழுந்தது ஒரு சிட்டிகைத் தூள். கை வலித்ததுதான் மிச்சம். அப்புறம்தான் பாஸ்வுட் கட்டை ஒன்று வாங்கினேன். வெளிர் நிறம், மிருதுவான மரம், நார் நெருக்கமாகவும் ஒரே சீராகவும் இருக்கும். கத்தி அதில் இறங்கியபோது முதல் சுருள் அறுபடாமல் சுருண்டு வந்து மடியில் விழுந்தது. அந்தச் சுருளை இரண்டு நாள் பத்திரமாக வைத்திருந்தேன்.

கட்டையின் பக்கவாட்டில் நாயை வரைந்தேன். நீளமான கட்டை, நீளமான நாய். மூக்கு ஒரு முனை, வால் மறுமுனை. இதைவிடச் சரியாக எப்படி வரைவது? இரண்டு நாள் கழித்து, முன்னங்காலின் உள்பக்கத்தைச் சீவும்போது 'டப்' என்று ஒரு சத்தம். கால் முழுசாக, சுத்தமாக, பிஸ்கட் உடைவதுபோல உடைந்து தரையில் கிடந்தது. நான் அழுத்தக்கூட இல்லை.

உடைந்த இடத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மரம் என்பது நார்களின் கட்டு. துடைப்பத்தைக் குறுக்காக முறிப்பது கஷ்டம், ஆனால் ஈர்க்குகளைத் தனித்தனியாகப் பிரிப்பது சுலபம். என் நாயில் நார் மூக்கிலிருந்து வால் நோக்கி ஓடியது. கால்களோ அதற்குக் குறுக்கே நின்றன. அதாவது ஒவ்வொரு காலும் அரை அங்குல நீளத் துண்டு நார்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வைத்த மாதிரி. நார் மேலிருந்து கீழாக ஓடும்படி கட்டையை நிறுத்தி வரைந்திருந்தால் கால்கள் தப்பித்திருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் நீட்டிய வாலும் மூக்கும் குறுக்கே போய்விடும். ஏதோ ஒன்று பலவீனமாகத்தான் இருக்கும். புதிதாகக் கற்பவர்களுக்குக் காட்டும் மாதிரிகள் எல்லாம் ஏன் சுருண்டு தூங்கும் பூனை, உட்கார்ந்த கரடி, தலையை உடம்போடு ஒட்டி வைத்த வாத்து என்றே இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழகுக்காக என்று நினைத்திருந்தேன்.

சரி, ஒரு கால் போனது. மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகக் குட்டையாக்கினேன். நாய் பன்றியானது. அப்புறம் காதுகள். இடது காது வலதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, சீவினேன். இப்போது வலது பெரிதாகத் தெரிந்தது. இப்படியே மாறி மாறிச் சீவி ஒரு ராத்திரியில் இரண்டு காதும் காணாமல் போயின. அதோடு, கண்ணை முதலிலேயே ஆசையாகக் குத்தி வைத்திருந்தேன். பிறகு மூக்கை ஒல்லியாக்கியபோது கண்ணும் சீவலோடு போய்விட்டது. கண் கடைசியில்தான். மிஞ்சியிருந்த குட்டைக் கால்களையும் சீவிவிட்டேன். காதும் காலும் இல்லாதது வேறு என்ன, மீன்தான்.

கத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் விரலை வெட்டியது கூரான கத்தி இல்லை, மழுங்கிய கத்தி. மழுங்கினால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். இப்போது அரை மணிக்கு ஒருமுறை தோல் வாரில், கத்தியின் விளிம்பு பின்னால் வரும்படி இழுத்துத் தீட்டுகிறேன். சோதிப்பதும் சுலபம். கட்டையின் முனையில், நாருக்குக் குறுக்கே ஒரு சீவு. சீவிய இடம் பளபளவென்று இருந்தால் நல்லது. நடுவில் வெள்ளையாக ஒரு கோடு ஓடினால், விளிம்பில் எங்கேயோ பல் விழுந்திருக்கிறது. மரத்தைப் பிடிக்கும் கையில் வெட்டு தாங்கும் கையுறையும் போடுகிறேன். அது கத்தி விளிம்பைத் தடுக்கும், முனை குத்தினால் தடுக்காது. எனக்குத் தெரியும், குத்தியிருக்கிறது.

இரண்டாவதாக உட்கார்ந்த கரடி. இந்தமுறை நடுக்கோடு ஒன்று போட்டு, அது சீவலில் போகப் போகத் திரும்பத் திரும்ப வரைந்தேன். உருண்டையாக்க அவசரப்படாமல் முதலில் சதுரம் சதுரமாகவே விட்டேன். கழுத்துப் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் மேட்டிலிருந்து கீழே சீவி, அடியில் சந்திக்க வைத்தேன். பள்ளத்திலிருந்து மேலே ஏறினால் நார் பிளந்துகொண்டு போகும். காதுக்கு முன்னால் முதலில் நேராக ஒரு தடுப்பு வெட்டு, அதற்கப்புறம் அதை நோக்கிச் சாய்வாக. சீவல் அந்த வெட்டில் வந்து தானாகக் கழன்று விழும். காது நின்றது. இரண்டும் நின்றன!

கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசினேன். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப் போட்டுவிடுங்கள்.

கரடி இப்போது மீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் இடது காது கொஞ்சம் பெரிதுதான். கத்தியை உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். நேற்று ராத்திரி ஒருமுறை எடுத்தேன், வைத்துவிட்டேன்.