டயர் சென்சாருக்கு ஐ.டி. எழுதும் வேலை: நெல்லைப் பக்கத்து அனுபவம்

லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மாதிரி இருக்கும் டயர் காற்றழுத்த மஞ்சள் லைட் எரிகிறது என்று கார் வந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது அந்த லைட் எரியும் விதத்தைத்தான். இக்னிஷன் போட்டவுடன் நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக நின்றால் சிஸ்டத்தில் கோளாறு: சக்கரத்துக்குள் இருந்து காற்றழுத்தத்தை அளந்து காருக்கு அனுப்பும் சென்சார் செத்திருக்கும், அல்லது கார் தேடுகிற ஐ.டி. (ஒவ்வொரு சென்சாருக்கும் உள்ள தனி அடையாள எண்) கிடைக்கவில்லை. இது தெரியாமல் "அண்ணாச்சி, நாலு டயர்லயும் காத்து புடிச்சாச்சு, லைட்டு அணைய மாட்டேங்குது" என்று பஞ்சர் கடை பஞ்சர் கடையாக அலைகிறவர்கள் நிறையப் பேர். சிமிட்டுகிற லைட்டைக் காற்று பிடித்து அணைக்க முடியாது.

அடுத்து, அந்தக் காரின் சக்கரத்துக்குள் சென்சார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா மாதிரி வண்டிகளில் இருப்பது, ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தரும் சக்கர வேகத்தை வைத்துக் கணக்குப் போடும் முறை. அங்கே டயருக்குள் எதுவுமே இல்லை. காற்றைச் சரியாகப் பிடித்து, மெனுவில் ரீசெட் கொடுத்தால் வேலை முடிந்தது. ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ் போன்றவற்றில் மீட்டரில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எண் வரும். சென்சாரோடு பேசும் டூல் வேண்டியது இந்த வகைக்கு. வால்வைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. கறுப்பு ரப்பர் வால்வின் அடியிலும் சென்சார் உட்கார்ந்திருக்கும். அதைச் சாதா வால்வு என்று நினைத்துக் கத்தியால் அறுத்துவிட்டால் சென்சார் டயருக்குள் விழுந்து உருளும்.

கையடக்க டூல் செய்வது மூன்று தனித்தனி வேலை. ஏற்கெனவே உள்ள சென்சாரை எழுப்பிப் படிப்பது ஒன்று, வெற்றுச் சென்சாருக்கு ஐ.டி. எழுதுவது இன்னொன்று, அந்த ஐ.டி.யைக் காரின் மாட்யூலில் (சென்சார்களின் சிக்னலை வாங்கும் மின்னணுப் பெட்டி) பதிவது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பணம் வீணாகிறது. சென்சாருக்கு எழுதியாகிவிட்டது, கார் ஏன் ஏற்கவில்லை என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவதைச் செய்திருக்க மாட்டார்கள். முதலாவதைச் செய்யாமல் சக்கரத்தைக் கழற்றியவர்களுக்கு மற்ற இரண்டும் சிக்கலாகும்.

ஆகவே ஜாக்கி போடுவதற்கு முன் நான்கையும் படித்துவிட வேண்டும். ஸ்டெப்னியிலும் சென்சார் உள்ள வண்டியென்றால் ஐந்து. டூலின் ஆண்டெனாவை வால்வுக்கு அருகில், டயரின் பக்கச்சுவரை ஒட்டிப் பிடிக்கவும். அலாய் ரிம்மின் மேல் வைத்தால் உலோகம் அலையை மறைக்கும். டூல் அனுப்பும் 125 கிலோஹெர்ட்ஸ் அலை கொஞ்ச தூரம்தான் எட்டும். அது சென்சாரைத் தட்டி எழுப்ப, சென்சார் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் தரும். அமெரிக்கச் சந்தைக்கான வண்டிகளில் 315 அதிகம். திரையில் ஐ.டி., காற்றழுத்தம், வெப்பநிலை, பேட்டரி நிலை எல்லாம் வரும். ஒவ்வொன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, டூலின் நினைவகத்தை மட்டும் நம்பவேண்டாம்.

இங்கே நம் ஊரில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. டூல் சக்கரங்களை முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று சுற்றிக் கேட்கும். இந்த டூல்களோடு வரும் வீடியோக்களில் பெரும்பாலும் இடதுபக்க ஸ்டியரிங் வண்டி, அதனால் டிரைவர் பக்க முன்சக்கரத்தில் தொடங்குவார்கள். அதைப் பார்த்துப் பழகிய பையன்கள் நம் வண்டியிலும் டிரைவர் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். நமக்கு முன் இடது என்பது பக்கத்து சீட் பக்கம். இதில் தவறினால் ஐ.டி. எல்லாம் பதியும், லைட்டும் அணையும், ஆனால் இடது டயர் பஞ்சரானால் மீட்டர் வலது டயரைக் காட்டும். வெளியே தெரியாத தவறு என்பதால் மோசமானது.

ஒரு சக்கரம் பதில் தரவில்லை என்றால் உடனே செத்துவிட்டது என்று சொல்லிவிடக்கூடாது. வால்வின் உள்ளே இருக்கும் பின்னை அழுத்தி மளமளவென்று 8, 10 பி.எஸ்.ஐ. காற்றை விட்டுப் பார்க்கலாம்; சில சென்சார்கள் திடீர் அழுத்த மாற்றத்தில்தான் விழிக்கும். டூலில் தேர்ந்த மாடலும் வருடமும் சரியா என்றும் பார்க்க வேண்டும். எழுப்பும் அலையின் வடிவம் சென்சாருக்குச் சென்சார் வேறு. தவறான மாடலில் நின்றுகொண்டு தட்டினால் நல்ல சென்சாரும் பேசாது. இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. பக்கத்தில் யாராவது வேறு டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தால், அந்தச் சென்சார் அழுத்த மாற்றத்தால் அடிக்கடி அலை அனுப்பும், அதன் ஐ.டி.யை உங்கள் டூல் வாங்கிக்கொள்ளும். இரண்டு சக்கரத்துக்கு ஒரே ஐ.டி. வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாடல் தேர்வைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். டூலின் பட்டியல் நாடு, பிராந்தியம் வாரியாக இருக்கும். இந்தியாவில் மட்டும் விற்கும் மாடலின் பெயர் அதில் இல்லாமல் போகலாம். அப்போது அதே அடித்தளத்தில் (பிளாட்ஃபார்ம்) வந்த, 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார் உள்ள வேறு பிராந்தியத்து மாடலைத் தேர்ந்து பார்க்கிறோம். அது பொருந்துகிறதா என்று உறுதி செய்ய நல்ல வழி இருக்கிறது: காரின் ஓ.பி.டி. போர்ட்டில் (கோளாறு பரிசோதிக்கும் சாக்கெட்) டூலைச் சொருகி, காரின் மாட்யூலில் பதிவான நான்கு ஐ.டி.யையும் படித்து, சக்கரத்தில் படித்தவற்றோடு ஒப்பிடுங்கள். ஒரு சென்சாராவது உயிரோடு இருந்து இரண்டும் ஒத்துப்போனால் அந்த மாடல் தேர்வு சரி. இலக்க எண்ணிக்கையே வேறாக இருந்தால் கைவைக்கக்கூடாது. ஒரு இடத்தில் ஹெக்ஸாகவும் (எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த எண்முறை) இன்னொன்றில் சாதா எண்ணாகவும் காட்டுகிறதா என்று முதலில் பார்க்கவும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் எழுதிய சென்சார் டூலில் அழகாகப் படியும், கார் மட்டும் ஏற்காது.

எழுதும் சென்சாரும் டூலும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். ஆட்டெல் கம்பெனியின் டி.எஸ்.508 டூல் எல்லா வண்டிச் சென்சாரையும் படிக்க முயலும், ஆனால் எழுதுவது ஆட்டெல்லின் எம்.எக்ஸ். சென்சாரில்தான். கம்பெனி ஒரிஜினல் சென்சாரின் ஐ.டி.யை மாற்ற முடியாது. விலை குறைவு என்று சென்சாரை மட்டும் தனியாக வாங்கி வருகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது.

எழுதும் மெனுவில் சில வழிகள் இருக்கும். பழைய சென்சார் பேசுகிறது, வால்வுதான் கெட்டது என்றால் காப்பி பை ஆக்டிவேஷன்: பழையதைப் படித்து அதே ஐ.டி.யைப் புதிதில் எழுதும். காருக்கு ஆள் மாறியதே தெரியாது, பொதுவாகப் பதிவு வேலையும் மிச்சம். பழையது செத்துவிட்டால் காப்பி பை இன்புட்: சென்சார் உடலில் அச்சிட்ட ஐ.டி.யைக் கையால் தட்ட வேண்டும். பெரும்பாலும் 8 இலக்கம். 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும்தான் அதில் வரும். அதனால் வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம். எட்டையும் ‘பி’யையும், பூஜ்யத்தையும் ‘டி’யையும் மட்டும் டார்ச் அடித்து இரண்டு தடவை பார்க்கவும். சில கார்களில் ஓ.பி.டி. வழியாக மாட்யூலிலிருந்தே ஐ.டி.யை எடுத்து எழுதலாம், டயரைக் கழற்றும் முன்பே சென்சார் தயாராகிவிடும். எதுவும் கிடைக்காதபோது ஆட்டோ கிரியேட்: டூல் புது ஐ.டி. உண்டாக்கும், காரில் பதிவது கட்டாயம்.

எங்கள் விருப்பம் முடிந்தவரை காப்பிதான். ஒரு நிபந்தனை உண்டு: உயிரோடு உள்ள பழைய சென்சாரை அதே காரில் வைக்கக்கூடாது. டிக்கியில் போட்டு அனுப்பினால் ஒரே ஐ.டி.யில் இரண்டு குரல் கேட்கும், மீட்டரில் அழுத்தம் தாறுமாறாக வரும்.

எழுதும்போது டூலுக்கு முன்னால் ஒரே ஒரு சென்சார். மற்றவை இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். டூலின் சார்ஜ் பாதிக்குக் கீழே இருந்தால் தொடங்க வேண்டாம். எழுதி முடித்ததும் அதே மெனுவில் மறுபடி படித்து, ஐ.டி.யைத் தாளோடு ஒப்பிட்டு, சென்சாரின் மேல் எந்தச் சக்கரம் என்று மார்க்கரில் குறித்த பிறகே ரிம்முக்குப் போக வேண்டும். டயர் ஏற்றிய பிறகு தவறு தெரிந்தால் மறுபடி எழுதவாவது செய்யலாம். ஆனால் பழுதான சென்சார் உள்ளே போயிருந்தால் மொத்தமும் திரும்பக் கழற்ற வேண்டும்.

கழற்றுவதிலும் ஏற்றுவதிலும்தான் சென்சார்கள் உடைகின்றன. இரும்பு லீவரால் நெம்பும் இடம் வால்வாக இருந்தால் முடிந்தது. டயரின் விளிம்பைப் பிரிக்கும்போது வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் அழுத்த வேண்டும். ஏற்றும்போது டயர் விளிம்பு கடைசியாக இறங்கும் இடம் சென்சார் மேல் வரக்கூடாது. அலுமினிய வால்வின் நட்டை பாக்கெட்டில் போட்டுள்ள அளவுக்கு, சிறிய டார்க் ரெஞ்சால் மட்டுமே இறுக்கவும். பொதுவாக ஒற்றை இலக்க நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். நட்டு முடுக்கும் ஏர் கன்னைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. டயர் இறங்கும் ஒவ்வொரு முறையும் நட்டு, ரப்பர் வாஷர், வால்வு பின், மூடி நான்கையும் புதிதாகப் போடுவது முறை. பிறகு பேலன்சிங் கட்டாயம், சென்சார் சில பத்து கிராம் எடையுள்ள பொருள்.

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கத்து வண்டிகளுக்கு வால்வு பின் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அலுமினிய வால்வில் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால் உப்புக்காற்றில் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பின்னைத் திருகினால் வால்வு தண்டே முறியும். நிக்கல் பூசிய பின்தான் போட வேண்டும். உலோக மூடியும் அதே காரணத்தால் வேண்டாம், பிளாஸ்டிக் மூடி போதும். பஞ்சர் கடையில் மூடியைத் தொலைத்துவிட்டு வெறும் வால்வோடு அலைவது கடலோர வண்டிகளில் சாதாரணமாகப் பார்ப்பது. அந்தச் சின்ன மூடி இல்லாததால் ஒரு முழுச் சென்சார் போகிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

2020 அக்டோபர் முதல், டியூப்லெஸ் டயரும் டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் உள்ள 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விதி வந்தது. கிட்டில் உள்ள, பஞ்சர் துளையை அடைக்கும் சீலன்ட் திரவம் சென்சாரின் சின்னத் துளையில் போய் உறைந்தால் காட்டும் அழுத்தம் பொய்யாகும். சீலன்ட் ஊற்றிய டயரைத் திறந்தால், ரிம்மையும் சென்சாரையும் துடைத்துப் படித்துப் பார்த்த பிறகே திரும்பப் பூட்டவும். துளையில் ஊசியை விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே இருப்பது மென்மையான தகடு.

இனிப் பதிவு. ஓ.பி.டி. வழி இருந்தால் அதுவே நம்பகமானது: இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் அணைத்து, நான்கையும் வரிசையாகப் படித்து எழுத வேண்டும். இடையில் கார் பேட்டரி இறங்கக்கூடாது, சந்தேகம் இருந்தால் சார்ஜர் மாட்டவும். முடிந்ததும் பழைய கோளாறுக் குறியீடுகளை அழித்து, இக்னிஷனை அணைத்து மறுபடி போடவும். சில கார்களில், காரைப் புது ஐ.டி. கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து சக்கரம் சக்கரமாக டூலால் தட்டி எழுப்பும் முறை. கார் ஹார்ன் அடித்து ஒப்புக்கொள்ளும், தாமதித்தால் தானே வெளியேறிவிடும். அதற்கு முன் நான்கு வால்வு மூடியையும் கழற்றி வைத்துக்கொண்டு நிற்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தானாகக் கற்கும் கார்களுக்கு ஓட்டம் வேண்டும். முதலில் வண்டியைக் கால் மணி, இருபது நிமிடம் அசையாமல் நிறுத்த வேண்டும். பிறகு ஒரே வேகத்தில் பத்து முதல் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் போய் வருவது இதற்குப் பயன்படாது, நின்று நின்று போனால் நேரக் கணக்கு தொடக்கத்துக்கே போகலாம். கே.டி.சி. நகரிலிருந்து நான்குவழிச் சாலையில் ஏறி நாங்குநேரிப் பக்கம் போனால் தடையில்லாமல் கிடைக்கும். நான்கு எண்ணும் மீட்டரில் வந்த பிறகு ஒரு டயரில் மட்டும் 3 பி.எஸ்.ஐ. குறைத்து, ஓட்டிப் பார்த்து, அதே மூலையில் எண் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டால் இடம் மாறிய தவறு இருந்தால் பிடிபடும். குறைத்த காற்றை மறக்காமல் திரும்பப் பிடிக்கவும்.

வண்டியை ஒப்படைக்கும்போது இரண்டு விஷயம் சொல்லிவிடுவோம். பங்கில் காற்று பிடித்தவுடன் மீட்டர் எண் மாறாது, நிற்கும் வண்டியில் சென்சார் பெரும்பாலும் தூங்கும். கொஞ்சம் ஓட்டினால்தான் புது எண் வரும். இரண்டாவது வெயில். காலையில் 30 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. இருந்த டயர், சித்திரை மதியம் வள்ளியூர் வரை ஓடி 60 டிகிரி ஆனால் 37, 38 காட்டும். அது சரியான கணக்குதான். பயந்து அங்கேயே காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் 28, 29-ல் நிற்கும், சில வண்டிகளில் லைட்டும் எரியும். டிரைவர் கதவோரம் ஒட்டியுள்ள ஸ்டிக்கர் சொல்லும் அளவு குளிர்ந்த டயருக்கானது.

சென்சாரின் பேட்டரி உள்ளேயே பசை ஊற்றி மூடியது, மாற்ற முடியாது. ஐந்து முதல் பத்து வருடம் வரும். ஏழெட்டு வருட வண்டியில் ஒன்று செத்தால் மற்றதும் நெருங்கிவிட்டது என்று அர்த்தம், டயர் மாற்றும் சமயமாக இருந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுவோம். ஒன்றை மட்டும் மாற்றினாலும் நான்கு ஐ.டி.யையும் சக்கர வரிசையோடு எழுதிய தாளைப் படமெடுத்து வண்டிக்காரரின் போனுக்கு அனுப்பிவிடுவோம். அடுத்த சென்சார் எந்த ஊரில் செத்தாலும், அங்குள்ள கடைக்காரர் டயரைத் திறக்கும் முன்பே அந்த ஐ.டி.யைத் தட்டிப் புதுச் சென்சாரைத் தயார் செய்துகொள்ளலாம்.