சனியைப் பார்க்கக்கூடாதாம்

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கோயில்களில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்க வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். 2023 செப்டெம்பர் 23, அந்த வருடத்து முதல் சனி. அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்தில் கரவெட்டிப் பக்கம் ஒரு சிவன் கோயிலின் வெளிவீதியில் என் தொலைக்காட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். ஆறு அங்குல ஆடி. கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பியது. ஓட்டோவின் பின் சீற்றில் அதைக் குறுக்காகப் படுக்க வைத்துக் கையால் அணைத்துக்கொண்டுதான் போவேன்.

முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். பென்ஷன் எடுத்த பிறகு இதுதான் முழுநேர வேலை. பாடசாலை, சனசமூக நிலையம், கடற்கரை, எங்கே கூப்பிட்டாலும் போவேன். உண்மையில் இது 1990இலேயே தொடங்கிவிட்டது. குடாநாட்டுக்குக் கரண்ட் நின்ற காலம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் படிப்பார்கள்? எண்ணெய் முடிந்ததும் முற்றத்தில் பாய் விரித்து வானத்தைக் காட்டினேன். அம்மாவும் வந்து குந்தியிருந்து ஆறாமீனைக் காட்டுவார். அதைக் கார்த்திகை என்று புத்தகத்தில் படிக்கும் முன்னரே அம்மாவிடம் பழகியவன் நான்.

சந்திரனைக் காட்டினால் எல்லோரும் வருவார்கள். வியாழனும் அதன் நாலு சந்திரன்களும் என்றால் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். சனி என்றால்தான் பெரியவர்கள் பின்வாங்குவார்கள். தொலைக்காட்டியில் பார்க்கிறதுக்கு அதைவிட அழகான கோள் கிடையாது. அதையே எங்கள் சனம் பார்க்கப் பயப்படுவது எனக்குத் தாங்காது.

அதனால் முதலில் பஞ்சாங்கக் கணக்கைத்தான் கதைப்பேன். சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். சூரியனை ஒருமுறை சுற்ற அவனுக்கு இருபத்தொன்பதரை வருடம். பன்னிரண்டு இராசிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை வருடம், மூன்று இராசிக்கு ஏழரை. ஏழரைச் சனி என்ற கணக்கு அங்கேயிருந்துதான் வருகிறது. தொலைக்காட்டி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் வருடக்கணக்காகப் பார்த்திருந்தவர்கள் போட்ட கணக்கு அது. அதில் எனக்குப் பெரிய மரியாதை. சாதகப் பலன் வேறு விஷயம், அதை நான் நம்புவதில்லை.

இப்படிக் கதைக்க எனக்கு முன்பு தெரியாது. 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், தை அமாவாசை. யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம். மத்தியானம் ஒன்றரை மணியை ஒட்டி ஏறத்தாழப் பத்து நிமிடம் சந்திரனைச் சுற்றி நெருப்பு வளையம். அம்மா சட்டி பானைகளுக்குத் தர்ப்பை போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். "படிச்ச மகன் சொல்லுறன், இதெல்லாம் மூடநம்பிக்கை, வெளிய வாங்கோ" என்று நான் வாசலில் நின்று சத்தம் போட்டேன். அவர் வரவில்லை. அந்த நேரம் முற்றத்து வேம்பின் நிழல் முழுவதும், யாரோ வளையல்களைக் கொட்டிவிட்டதுபோல, மணலில் நூற்றுக்கணக்கான ஒளி வளையங்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளை, ஒவ்வொன்றும் ஒரு சூரியனை விழுத்தும். அம்மா சூரியனைப் பார்த்திருக்கவே தேவையில்லை, குனிந்து மண்ணைப் பார்த்திருந்தால் போதும். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நாலு வருடத்தில் அம்மா போய்விட்டார்.

சரி, கோயிலுக்கு வருகிறேன். எண்ணெய் எரித்துவிட்டு வந்த ஓர் ஆச்சி, கையில் இன்னும் எள்ளு வாசம், சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவரை நேர பாக்கக்கூடாது எண்டெல்லோ சொல்லுவினம்."

"ஓம் ஆச்சி, சொல்லுவினம்" என்றேன். அவ்வளவுதான். மூத்த மகனுக்கு ஏழரை நடக்கிறது, பிரான்சில் இன்னும் விசா சரிவரவில்லை என்றார். கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பார்த்துக் கூவிக்கொண்டு போனார்கள். 120 மடங்கில் பார்க்கும்போது பூமி சுழல்வது கண்ணுக்கே தெரியும். ஒன்றரை நிமிடத்தில் சனி ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு ஓடிவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் நான் குழாயை விரலால் மெல்லத் தள்ளிக் கொடுக்க வேண்டும்.

கடைசியில் ஆச்சி வந்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். சின்ன மஞ்சள் உருண்டை, அதன் இடுப்பைச் சுற்றி வளையம், பக்கத்தில் ஒரு புள்ளியாக அதன் சந்திரன் டைட்டன். கனநேரம் பேச்சில்லை.

"எவ்வளவு வடிவா இருக்கிறார்" என்றார். பிறகு, "இஞ்சாலப் பாக்கிற மாதிரியும் தெரியேல்லையே."

அந்த வெளிச்சம் 133 கோடி கிலோமீற்றர் கடந்து ஒன்றேகால் மணித்தியாலம் பயணம் செய்து வருகிறது என்றேன். வளையம் முழுக்கப் பனிக்கட்டித் துண்டுகள், இரண்டரை லட்சம் கிலோமீற்றருக்கு மேல் அகலம், ஆனால் தடிப்பு பெரும்பாலான இடங்களில் ஒரு பனை உயரம்கூட வராது என்றேன். பனை என்றதும் திரும்பக் குனிந்து இன்னொருமுறை பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். நான் பெட்டியை இறக்கும்போதே பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வீதியில் நின்றார்.

"தம்பி, இவளுக்கு முதல் காட்டு. நான் எண்ணெய் எரிச்சுப்போட்டு ஓடி வாறன்."