பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? முதல் செலவு தண்ணீர்க் கசிவுக்கு

பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விட நினைப்பவர்கள் பெரும்பாலும் டைல்ஸிலும் சமையலறை அலமாரியிலும்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். நாங்கள் கசிவில் தொடங்குகிறோம். அதை விட்டுவிட்டு மேலே எதைச் செய்தாலும் மறுபடி உடைக்க வேண்டிவரும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்டில் இருந்தால் காரணம் கேளுங்கள். பாத்ரூமின் மறுபக்கச் சுவரிலும் ஜன்னலுக்குக் கீழேயும் கை வைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கோத்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அறைக்காற்றின் ஈரம்தான் படிகிறது. காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் தீரும். சுவருக்குள்ளிருந்து வரும் ஓதத்துக்குச் செலவு பல மடங்கு, அதை வைத்தே விலை பேச வேண்டும்.

சீலிங்கைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு விட்டிருக்கலாம், அல்லது உள்ளே கம்பி துருவேறி உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். துருவின் மேல் சிமென்ட் பூசினால் அது மறுபடி பெயர்ந்துவிடும். கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்த பிறகே பாலிமர் கலந்த சிமென்ட் சாந்து வைக்க வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

அதிகம் சொதப்புவது பாத்ரூம்தான். டைல்ஸும் அதன் இடுக்கில் போடும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுக்காது. தடுப்பது அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. முதலில் குழாய்களைப் பதித்து, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, பிறகு அவற்றுக்காக வெட்டிய காடியை (பள்ளத்தை) மூடுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையைச் சாந்தால் வளைவாக மழுக்கி, தூசியில்லாமல் துடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் பூச்சை இரண்டு கோட் அடிக்கவும். இரண்டாவது கோட் முதலாவதற்குக் குறுக்காக, அது காய்ந்த பிறகு. சுவரில் 300 மி.மீ. உயரம் வரை ஏற்றுங்கள், ஷவர் பக்கம் 1800 மி.மீ. வரை. பூச்சு முழுதும் இறுகியதும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 24 மணி நேரமாவது விட்டு, கீழ்த்தளத்துச் சீலிங்கைப் பாருங்கள். இதற்கு ஒரு நாள் ஆகும் என்று கொத்தனார் முனகுவார், விட்டுக்கொடுக்காதீர்கள். டைல்ஸ் தரைக்கு வடிகாலை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. வாட்டம் (சரிவு) போதும்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகு கசிந்தால், பெரும்பாலும் காரணம் பின்னால் வந்து துளை போட்டவர்தான். குழாய், ஹீட்டர், கைப்பிடி எங்கே வரும் என்பதைப் பூச்சுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

வயரிங் காடி வெட்டுவது சுவர்ப் பூச்சுக்கு முன், பெயின்ட் கடைசியில். பட்ஜெட்டில் 15 முதல் 20 சதவீதம் தனியே ஒதுக்குங்கள். உடைத்தால்தான் தெரியும் சேதம் பழைய வீட்டில் எப்போதும் உண்டு. வேலை நடக்கும் மாதங்களில் வராத வாடகையும் செலவுதான், அதையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.