கோடிங் வருகிறது, லாஜிக் ஏன் வரவில்லை?

கணினிப் படிப்பில் லாஜிக் சொல்லித்தரும் டிஸ்கிரீட் மேத்ஸ் பாடத்தின் முதல் தேர்வில், ட்ரூத் டேபிள் (கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் அட்டவணை) கேள்வியிலேயே எனக்கு மார்க் போனது. ப, க என்பவை இரண்டு கூற்றுகள்; ‘ப என்றால் க’ என்பதற்கு நான்கு வரிசை போட்டுவிட்டு, ப பொய்யாக வரும் இரண்டிலும் ‘பொருந்தாது’ என்று எழுதி வைத்தேன். புரோகிராமில் இஃப் கண்டிஷன் பொய்யானால் உள்ளே இருக்கும் வரி ஓடாது, அவ்வளவுதான். அந்தப் பழக்கம்தான் காலை வாரியது. அங்கே இஃப் ஒரு கட்டளை. லாஜிக்கில் ‘என்றால்’ சேர்ந்த முழு வாக்கியமும் ஒரு கூற்று. அது மெய்யா பொய்யா என்று சொல்லியே ஆகவேண்டும்.

அட்டவணையை மனப்பாடம் செய்தும் மனசு ஒப்பவில்லை. தெளிய வைத்தது ஒரு சின்னக் கணக்கு: ‘ஓர் எண் 4ஆல் வகுபட்டால் 2ஆலும் வகுபடும்.’ இதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே? சரி, 8ஐப் போடுங்கள்: முதல் பாதி மெய், இரண்டாம் பாதி மெய். 6: பொய், மெய். 7: பொய், பொய். மூன்றிலும் கூற்றுக்குச் சேதமில்லை, அதாவது ப பொய்யானாலும் முழுக் கூற்று மெய்தான். மெய், பொய் என்று வரும் எண் ஒன்று சிக்கினால்தான் கூற்று உடையும். அது சிக்காது.

1966இல் உளவியலாளர் பீட்டர் வேசன் வைத்த சீட்டுப் புதிரைத் தமிழ் எழுத்தில் சொல்கிறேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை அ, க், 4, 7. ‘உயிரெழுத்து இருந்தால் பின்னால் இரட்டை எண்’ என்ற விதியைச் சோதிக்க எவற்றைத் திருப்ப வேண்டும்? நான் அ, 4 என்றேன். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். விடை அ, 7. 7க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடையும். 4க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது.

பேச்சுமொழியும் நம்மைக் கவிழ்க்கும். ‘எல்லோரும் வரவில்லை’ என்றால் ஒருவருமே வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? ‘ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு’, ‘எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரு சாவி உண்டு’ இரண்டும் ஒன்றா? லாஜிக் குறியீட்டில் இறக்கும் முன், வாக்கியத்தை இப்படித் தமிழில் பிரித்து எழுதிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

தாளில் எழுதும் நிரூபணத்துக்கு, புரோகிராமில் பிழையைக் காட்டும் கம்பைலர் போல எதுவும் கிடையாது. தப்பான வரியில் சிவப்புக் கோடு விழாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், எந்த வரியிலிருந்து, எந்த விதியால் வந்தது என்று எழுதிப் பழகினேன். விதியின் பெயர் எழுத வராமல் பேனா நின்ற இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் க இருக்கிறது, ஆகவே ப என்று தாவியிருப்பேன். 4ஐத் திருப்பிய அதே தப்பு.